புத்தகத்தைப் பாதியில் விடுவது: நிறுத்தியதும் நின்றுபோனதும்

என் அலமாரியில் உள்ள ஒரு நாவலின் 112ஆம் பக்கத்தில் மடித்த பேருந்துச் சீட்டு ஒன்று செருகியிருக்கிறது. கட்டணம் எவ்வளவு என்றுகூடத் தெரியாத அளவுக்கு அதன் மை வெளுத்துவிட்டது. அந்த நாவலை ஏன் முடிக்கவில்லை என்று யாராவது கேட்டால், "கொஞ்சம் இழுவை" என்றுதான் இத்தனை நாளும் சொல்லிவந்தேன். அண்மையில் தூசி தட்டும்போது அதே பக்கத்தைப் பிரித்துப் படித்தேன். இழுவை எதுவும் அங்கே இல்லை. ஒரு கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது, அதுவும் நல்ல சூடான கட்டத்தில். யோசித்துப் பார்த்தபோது நடந்தது நினைவுக்கு வந்தது. அந்த வாரம் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. புத்தகத்தை எடுத்துப் போகவில்லை. பத்து நாள் கழித்துத் திரும்பியபோது பெண்ணின் சித்தப்பா யார், அவருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் என்ன பகை என்பதெல்லாம் மறந்துபோயிருந்தது. நான் அந்தப் புத்தகத்தை நிறுத்தவில்லை. அது நின்றுபோயிற்று.

பள்ளியில் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே பிடிபடும். நிற்பது தன்வினை, நிறுத்துவது பிறவினை. பாதியில் கிடக்கும் புத்தகங்களில் சிலவற்றை நாம் நிறுத்தியிருக்கிறோம். அதாவது, இது எனக்கு வேண்டாம் என்று தீர்மானித்து மூடிவைத்துவிட்டு வேறொன்றைக் கையில் எடுத்திருக்கிறோம். மற்றவை, என் அனுபவத்தில் பெரும்பாலானவை, யாரும் தீர்மானிக்காமலே நின்றுபோனவை. ஆனால் காரணம் சொல்லும்போது இரண்டுக்கும் ஒரே மாதிரியான பதிலைச் சொல்கிறோம்: பழியைப் புத்தகத்தின்மேல் போட்டுவிடுகிறோம். பாதியில் விடுதல் என்பதைப் புரிந்துகொள்ள முதலில் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

வாசகர்கள் சொல்லும் காரணங்களைத் திரட்டிய கணக்குகள் உண்டு. வாசகர்கள் நூல்களை மதிப்பிட்டுப் பேசும் குட்ரீட்ஸ் இணையதளம் 2013ஆம் ஆண்டு தன் வாசகர்களிடம் கேட்டபோது, "மெதுவாகப் போகிறது, சலிப்பாக இருக்கிறது" என்பதே மற்ற காரணங்களை வெகுவாக முந்தி முதலிடத்தில் நின்றது. நடை சரியில்லை, கதை நம்பும்படி இல்லை, முதன்மைப் பாத்திரத்தைப் பிடிக்கவில்லை என்பவையெல்லாம் அதற்குப் பின்னால்தான் வந்தன. எனினும் சலிப்பு என்பது காய்ச்சலைப் போன்றது. காய்ச்சல் என்று வருகிறவரிடம் மருத்துவர் அதையே நோயின் பெயராக எழுதிக்கொடுத்து அனுப்புவதில்லை. எதனால் வந்த காய்ச்சல் என்று பார்ப்பார்.

சொன்ன காரணத்தை விட்டுவிட்டு, படித்த தடயத்தைக் கொண்டு கணக்கிட முடியுமா? அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஜோர்டன் எலன்பெர்க் 2014ஆம் ஆண்டு விளையாட்டாக ஒரு வழியைச் சொன்னார். அமேசானின் மின்னூல் கருவியான கிண்டிலில் படிப்பவர்கள் பிடித்த வரிகளைக் கோடிட்டு வைப்பார்கள். மிகுதியான பேர் கோடிட்ட வரிகளை அமேசான் வெளிப்படையாகக் காட்டும். ஒரு நூலில் அப்படி முன்னிலையில் உள்ள ஐந்து வரிகள் எந்தெந்தப் பக்கங்களில் வருகின்றன என்று பார்த்து, அந்தப் பக்க எண்களின் சராசரியை மொத்தப் பக்கங்களால் வகுத்துச் சதவீதமாக்கினார். 500 பக்க நூலில் அந்த ஐந்து வரிகளும் 10, 15, 20, 25, 30 ஆகிய பக்கங்களில் இருந்தால் சராசரி 20. அதாவது 4 சதவீதம். எல்லோரும் கடைசிவரை படித்திருந்தால் கோடுகள் நூல் முழுவதும் பரவியிருக்க வேண்டும் அல்லவா என்பது அவருடைய எண்ணம். இயற்பியலாளர் ஸ்டீவன் ஹாக்கிங் காலத்தைப் பற்றி எழுதி 1988இல் வெளிவந்து, வாங்கியவர் பலர், படித்தவர் சிலர் என்று பெயரெடுத்த நூலை நினைவில் வைத்து, இதற்கு ஹாக்கிங் குறியீடு என்று பெயரிட்டார். அந்த நூலுக்குக் கிடைத்த எண் 6.6 சதவீதம். அந்த ஆண்டு பெரும் பேச்சாக இருந்த தோமா பிக்கெட்டியின் பொருளியல் நூலுக்கு 2.4 சதவீதமே கிடைத்தது; ஏறக்குறைய 700 பக்க நூலில் அந்த ஐந்து வரிகளும் முதல் 26 பக்கங்களுக்குள் அடங்கிவிட்டன. டோனா டார்ட்டின் 'தி கோல்டுபிஞ்ச்' நாவலோ 98.5 சதவீதத்துடன் உச்சத்தில் நின்றது.

இதைப் படித்துவிட்டு, அந்த நாவலைத் தொட்டவர்கள் எல்லோரும் முடித்துவிட்டார்கள் என்று முடிவுகட்டினால் ஏமாந்துபோவோம். அதே 2014ஆம் ஆண்டு, கோபோ என்னும் மின்னூல் நிறுவனம், தன் கருவிகளில் யார் கடைசிப் பக்கம்வரை போனார்கள் என்ற தரவை வெளியிட்டது. பிரித்தானிய வாசகர்களில் அந்த நாவலை முடித்தவர்கள் சுமார் 44 சதவீதத்தினர் மட்டுமே. ஒரே நாவல், ஒரு கணக்கில் 98.5, இன்னொன்றில் 44. இரண்டும் பொய்யல்ல. கோடிட்டவர்கள் எங்கே கோடிட்டார்கள் என்பதை முதற்கணக்கு சொன்னது. நாவலின் முடிவுப் பகுதியில் மேற்கோளாக எடுக்கத்தக்க வரிகள் செறிந்திருந்தால், அங்கே வந்து சேர்ந்தவர்கள் அங்கேதான் கோடிடுவார்கள். வழியில் இறங்கிக்கொண்டவர்களின் எண்ணிக்கை அந்தக் கணக்கில் ஏறவே ஏறாது. ஆய்வு நூல்களில் இது தலைகீழாக நடக்கிறது. அவற்றின் சாரம் முன்னுரையிலேயே சொல்லப்பட்டுவிடுவதால், முழுதும் படித்தவர்கூட முன்னுரையில்தான் கோடிடக்கூடும். எலன்பெர்க்கும் இது அறிவியல் அன்று, வேடிக்கைக்காகச் செய்தது என்று அப்போதே சொல்லியிருந்தார். அதை எடுத்துப் பேசியவர்களுக்குத்தான் அந்த வாக்கியம்வரை படிக்கப் பொறுமை இல்லை.

ஆய்வு நூலை முன்னுரையோடு மூடிவைப்பவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு வேண்டியது வாதத்தின் எலும்புக்கூடு, அது கிடைத்துவிட்டது. சான்றுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் தேவை அவருக்கு இல்லாதபோது அவர் எதையும் பாதியில் விடவில்லை. தனக்கு வேண்டிய அளவுக்கு முடித்துவிட்டார். சமையல் புத்தகத்தை யாரும் முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிப்பதில்லை, அதற்காக யாரும் வருந்துவதும் இல்லை.

அப்படியானால், மனம் ஒட்டாத ஒரு புத்தகத்தை நிறுத்துவதில் ஏன் இத்தனை தயக்கம்? பொருளியலில் இதற்கு மூழ்கிய செலவுப் பிழை என்ற பெயர் உண்டு. திரும்பி வராத செலவைக் காரணம் காட்டி, பிடிக்காத ஒன்றைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கும் பழக்கத்தை அது குறிக்கிறது. நம் பேச்சில் "கொடுத்த காசுக்கு" என்று ஒரே சொற்றொடரில் சொல்லிவிடுவோம். கொடுத்த காசுக்குப் படத்தைக் கடைசிவரை பார்த்தேன், கொடுத்த காசுக்கு இன்னொரு கரண்டி சாம்பார் வாங்கிக்கொண்டேன் என்பதெல்லாம் இந்தக் கணக்குத்தான்.

இதைச் சோதித்துப் பார்த்த நேர்த்தியான ஆய்வொன்றை ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இருவர் 1985இல் வெளியிட்டார்கள். ஒஹையோ பல்கலைக்கழக நாடக அரங்கில் ஒரு பருவம் முழுமைக்குமான சீட்டு 15 டாலர். அதை வாங்க வந்தவர்களில் சிலருக்கு, அவர்கள் கேளாமலேயே 2 டாலரும், வேறு சிலருக்கு 7 டாலரும் தள்ளுபடி கொடுக்கப்பட்டது. யாருக்கு எது என்பது குலுக்கல் போலத் தீர்மானிக்கப்பட்டது. அனைவரும் ஒரே நாடகங்களைத்தான் பார்க்கப்போகிறார்கள், விருப்பத்தோடுதான் வந்திருக்கிறார்கள். ஆனாலும் பருவத்தின் முற்பாதியில் நடந்த ஐந்து நாடகங்களில், முழு விலை கொடுத்தவர்கள் சராசரியாக நான்குக்குச் சற்று மேலும், தள்ளுபடி பெற்றவர்கள் மூன்றுக்குச் சற்று மேலுமாக வந்தார்கள். பிற்பாதியில் இந்த வேறுபாடு தேய்ந்துபோயிற்று. காசு கொடுத்த உறுத்தல் நாளாக ஆகக் கரைந்துவிடுகிறது என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பொங்கலையொட்டிச் சென்னை புத்தகக் காட்சியில் பை நிறைய வாங்கிவந்த நூல்களைத் தை மாதத்தில் எப்படியும் படித்தே ஆக வேண்டும் என்று தோன்றுவதும், ஆடி வரும்போது அந்தப் பையே கண்ணில் படாமல் போவதும் எனக்கு இதோடு சேர்த்துத்தான் நினைவுக்கு வரும்.

கணக்கை வெளிப்படையாகப் போட்டுப் பார்ப்பது நல்லது. 450 ரூபாய் விலையுள்ள நூலைப் பத்து சதவீதக் கழிவில் 405 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறீர்கள். நூலில் 400 பக்கங்கள். 80 பக்கங்கள் படித்தாயிற்று, மனம் ஒட்டவில்லை. மணிக்கு 30 பக்கம் என்ற வேகத்தில் எஞ்சிய 320 பக்கங்களுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். தொடர்ந்தாலும் 405 ரூபாய் திரும்பாது, நிறுத்தினாலும் திரும்பாது. தராசின் இரண்டு தட்டிலும் ஒரே எடை இருப்பதால் அதை எடுத்துக் கீழே வைத்துவிடலாம். தட்டில் மிஞ்சுவது அந்தப் பத்து மணி நேரம் மட்டும்தான்.

ஆனால் நம்மவர்களின் தயக்கத்தைக் காசு ஒன்றே விளக்கிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. கால் பட்டுவிட்டால் புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். இராமாயணப் பாராயணத்தைத் தொடங்கினால் பட்டாபிஷேகம்வரை கொண்டுபோய் முடிக்க வேண்டும் என்ற மரபையும் கண்டிருக்கிறோம். அதற்கு மேல் பள்ளிக்கூடம் வேறு: "போர்ஷன் முடிச்சாச்சா?" என்ற கேள்விக்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பதில் சொல்லிப் பழகியவருக்கு, எந்தப் புத்தகமும் முடிக்க வேண்டிய ஒரு பகுதியாகவே கண்ணுக்குத் தெரியும். பாராயணத்துக்கும் தேர்வுக்கும் அந்த ஒழுங்கு தேவைதான். இரவு படுக்கப்போகும் முன் படிக்கும் நாவலுக்கு அதைக் கொண்டுவந்தால் நாவலும் வீட்டுப்பாடமாகிவிடும்.

சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் பொறுப்பை ஏற்ற எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள் இங்கே பெரிதும் உதவும். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது அவற்றில் இரண்டாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துக என்பது நான்காவது. நூலகரை நோக்கி எழுதப்பட்ட விதிகள் இவை. ஆனாலும் வாசகர் தம் பக்கம் திருப்பிப் படித்துக்கொள்ளலாம். உங்களுக்கு ஒட்டாத நூலுக்கு வேறெங்கோ அதற்குரிய வாசகர் இருக்கிறார். நூல் மோசம், அல்லது நமக்கு அறிவு போதாது என்ற இரண்டு தீர்ப்புகளில் ஒன்றை வழங்கியே தீர வேண்டும் என்பதில்லை. எத்தனை பக்கம் பார்த்துவிட்டுத் தீர்மானிப்பது என்று கேட்பவர்களுக்கு, சியாட்டில் நகர நூலகராக இருந்த நான்சி பேர்ல் ஒரு வாய்பாடு சொன்னார். ஐம்பது வயதுவரை உள்ளவர்கள் ஐம்பது பக்கம் பொறுத்துப் பார்க்கலாம். அதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து தம் வயதைக் கழித்துக்கொள்ளலாம். எழுபது வயதுக்காரருக்கு முப்பது பக்கம் போதும். கற்பவர் நாள் சில என்று நம் முன்னோர் சொன்னதையே கழித்தல் கணக்காக்கிக் கொடுத்துவிட்டார்.

வாய்பாடு வசதியானதுதான், இருந்தாலும் எல்லா நூல்களும் ஒரே பக்கத்தில் கதவைத் திறப்பதில்லை. எந்தத் தடை தானாக விலகும், எது விலகாது என்று கொஞ்சம் பகுத்துப் பார்க்கத் தெரிந்தால், ஐம்பதாவது பக்கத்தில் எடுக்கும் முடிவு இன்னும் தெளிவாக இருக்கும். வட்டார வழக்கில் எழுதிய நாவல்கள் முதல் வகை. தஞ்சாவூர்க்காரர் கரிசல் மண்ணின் பேச்சில் எழுதிய கதையைத் தொடங்கும்போது முதல் இருபது முப்பது பக்கங்கள் கல்லும் முள்ளுமாக இருக்கும். பிறகு காது பழகி, தெரியாத சொல்லுக்குக்கூட இடம் பார்த்துப் பொருள் பிடிபடும். யாழ்ப்பாணத்துப் பேச்சுக்கும் நாஞ்சில் நாட்டுப் பேச்சுக்கும் இதே கதைதான். இந்தச் சிரமத்துக்காக ஐந்தாம் பக்கத்தில் நூலை மூடுவது அவசரம்.

ரஷ்ய நாவல்களில் பெயர்கள் குழப்புவது வேறொரு வகை. ஓர் ஆளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று, தந்தை பெயரால் அமைந்தது ஒன்று, குடும்பப் பெயர் ஒன்று, இவை போக வீட்டார் கூப்பிடும் செல்லப் பெயர் ஒன்று. யார் பேசுகிறார் என்பதைப் பொறுத்து அவை மாறி மாறி வரும். நாலு பேர் இருக்கும் அறையில் பத்துப் பேர் இருப்பதுபோல் தோன்றிவிடும். இது தானாக விலகாது, ஆனால் ஒரு தாளில் யார் யார் என்று எழுதி உள்ளே வைத்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

மூன்றாவது வகை, தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில நூல்களைத் தொடங்குகிறவர்கள் சந்திப்பது. அயல்மொழி வாசிப்பை ஆராய்ந்தவர்களில் முதன்மையான பால் நேஷன் போன்றோர், அகராதியின் துணையின்றி ஒரு பனுவலைத் தடையில்லாமல் படிக்க அதன் சொற்களில் சுமார் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார்கள். கேட்பதற்கு 98 மிகவும் உயர்ந்த எண்ணாகத் தோன்றும். ஆனால் ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாது என்பதே அதன் பொருள். 250 சொற்கள் உள்ள பக்கத்தில் ஐந்து. 90 சதவீதம் தெரிந்தவருக்கு அதே பக்கத்தில் 25 சொற்கள் தெரியாதவையாகிவிடும். வரிக்கு ஒருமுறை கால் தடுக்கும். அவர் "சலிப்பாக இருக்கிறது" என்று சொல்லி மூடும்போது, உண்மையில் களைத்துப்போயிருக்கிறார். இங்கே ஐம்பது பக்கம் பொறுப்பதால் பயன் குறைவு. இன்னும் எளிய நூல்கள் நாலைந்தைப் படித்துவிட்டு, ஓராண்டு கழித்து இதற்குத் திரும்பி வருவதே வழி.

பாதியில் விடுவதற்குக் காசு மதிப்பும் உண்டு என்பதை வாசகர்கள் பலர் அறிவதில்லை. அமேசானின் மின்னூல் சந்தாத் திட்டமான கிண்டில் அன்லிமிடெட்டில் ஒருவர் ஒரு நூலை எடுத்துப் பத்து சதவீதத்தைக் கடந்துவிட்டால் அதன் ஆசிரியருக்கு முழுப் பங்கும் கிடைக்கும் முறை முதலில் இருந்தது. 2015 ஜூலையிலிருந்து அமேசான் அதை மாற்றி, எத்தனை பக்கம் படிக்கப்பட்டதோ அத்தனை பக்கத்துக்கே பணம் என்று ஆக்கியது. தாமே நூலை ஏற்றி வெளியிடும் எழுத்தாளர்களுக்கு, தமிழில் எழுதுபவர்களையும் சேர்த்து, உங்கள் நாற்பதாம் பக்கத்துக் கொட்டாவி வருமானக் கணக்கில் போய் விழுகிறது. இதற்காக வருந்திப் படிக்கச் சொல்லவில்லை. இயல் முடிவுதோறும் ஒரு திடுக்கிடல் வைக்கும் எழுத்து ஏன் பெருகுகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நின்றுபோன புத்தகத்துக்கு வருவோம். ஒரு நாவலின் நடுவில் இருக்கும் வாசகர் மனத்தில் தாங்கிக்கொண்டிருப்பது பெயர்களை மட்டுமல்ல. எந்த இரகசியம் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது. எந்தச் சொல் கேலியாகச் சொல்லப்பட்டது. போன இயலில் மூடிய கதவு யாருடைய வீட்டுக் கதவு என்று எவ்வளவோ இழைகள். நாள்தோறும் படிக்கும்போது அவை தாமே முறுக்கேறி நிற்கும். நான்கைந்து நாள் விட்டுவிட்டால் தளர்ந்துவிடும். திரும்ப எடுக்கும்போது பதினைந்து பக்கம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. அலுவலகத்திலிருந்து வந்த களைப்பில் அது பெரிய வேலையாகத் தெரிகிறது. கைபேசி பக்கத்திலேயே இருக்கிறது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால், மறுநாள் திரும்பிப் போக வேண்டிய பக்கங்கள் இருபதாகிவிடும். இப்படி ஒவ்வொரு நாளும் திரும்பும் விலை ஏறிக்கொண்டே போவதுதான் பல நாவல்கள் 112ஆம் பக்கத்தில் உறைந்துபோவதற்கு உண்மைக் காரணம். எந்த நாளிலும் யாரும் "வேண்டாம்" என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதன் பெரிய சேதம் அந்த ஒரு புத்தகத்தோடு நிற்பதில்லை. அதை முடித்துவிட்டுத்தான் அடுத்தது என்று பிடிவாதமாக இருப்பவர் அடுத்ததையும் தொடுவதில்லை. கொண்டை ஊசி வளைவில் ஒரு லாரி பழுதாகி நின்றால் பின்னால் வரும் அத்தனை வண்டிகளும் நின்றுவிடுவதைப்போல, முடியாத ஒரு நாவலின் பின்னால் ஆறு மாத வாசிப்பே தேங்கிவிடும். "இப்போதெல்லாம் படிப்பதே இல்லை" என்று சொல்லும் நண்பர்களிடம் கடைசியாக எதைத் தொடங்கினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பலருடைய வாயிலிருந்து ஒரு தடித்த நூலின் பெயர் வரும். அவர்கள் வாசிப்பை விடவில்லை, அந்த வளைவில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வாசகர் மறந்துவிடுவார் என்பதைத் தமிழ் வார இதழ்கள் நன்றாக அறிந்திருந்தன. தொடர்கதையின் தலைப்பில் "முன்கதைச் சுருக்கம்" என்று சில வரிகள் போடுவார்கள்; ஒரே வாரத்து இடைவெளிக்கே அந்த உதவி தேவைப்பட்டது. தொடர் நூலாகும்போது, ஒரே மூச்சில் படித்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் அதை நீக்கிவிடுகிறார்கள். ஆகவே ஊருக்குப் போகும் முன்போ, தேர்வு நெருங்கும்போதோ, சில நாள் படிக்க முடியாது என்று தெரிந்தால், புத்தகத்தை மூடுவதற்கு முன் முன்கதைச் சுருக்கத்தை நாமே எழுதி உள்ளே வைத்துவிடலாம். நாலு வரி போதும். நல்ல தமிழில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 97ஆம் பக்கத்திலிருந்து மறுபடி படித்து, அந்தப் பேருந்துச் சீட்டு இருந்த இடத்தில் நான் இப்போது வைத்திருக்கும் தாளில் இப்படி இருக்கிறது: "சித்தப்பா நிலத்தை அடகு வைத்தது அண்ணனுக்கு மட்டும் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை வருகிறார்கள். பெட்டியில் இருக்கும் கடிதத்தை இன்னும் யாரும் பிரிக்கவில்லை. பெண்ணுக்குச் சம்மதமா என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை."